பற்றரி லைற் எரிகிறதா? பற்றரி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை: முழுமையான வழிகாட்டி

டாஷ்போட்டில் சிவப்புப் பற்றரிப் படம் எரிந்ததும் நம்மவர்கள் செய்யும் முதல் வேலை, புதுப் பற்றரி வாங்குவது. நானும் ஒருமுறை வாங்கினேன். மூன்றாம் நாள் அதே லைற் மறுபடி எரிந்தது.

அந்த லைற் பற்றரி பழுது என்று சொல்வதில்லை. பற்றரிக்கு வரவேண்டிய மின் வரவில்லை என்கிறது. எஞ்சினோடு சேர்ந்து சுற்றி மின் தருவது ஆல்ரனேற்றர்; பழைய ஆட்கள் இன்னும் டைனமோ என்றுதான் சொல்வார்கள். அதைச் சுற்றும் பெல்ற், அதிலிருந்து பற்றரிக்கு வரும் வயர், இடையில் உள்ள பியூஸ், காரின் உடலோடு சேரும் ஏர்த் வயர், இவற்றில் எது விட்டாலும் எரிவது அதே லைற். காசு செலவில்லாததை முதலில் பார்த்து, செலவுள்ளதைக் கடைசியில் தொட வேண்டும். கீழே உள்ள வரிசை அப்படி அமைந்ததுதான்; மாற்றிச் செய்யாதீர்கள்.

1. ஓடும்போது எரிந்தால்

முதலில் கண் போக வேண்டியது எஞ்சின் சூடு காட்டும் முள்ளுக்கு. பல கார்களில் ஆல்ரனேற்றரைச் சுற்றும் பெல்ற்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. அது அறுந்தால் சார்ஜும் போகும், எஞ்சின் குளிர்வதும் நிற்கும். முள் ஏறத் தொடங்கினால் நிழல் தேடிப் போகாமல் அந்த இடத்திலேயே ஒதுக்கி எஞ்சினை நிறுத்துங்கள். ஆனையிறவு வெளியில் நடுப்பகலில் நிற்பது கஷ்டம்தான். சூட்டில் எஞ்சினின் மேற்பகுதியான ஹெட் வளைந்தால் வரும் செலவு அதைவிடக் கஷ்டம்.

முள் வழக்கமான இடத்தில் அசையாமல் நின்றால், எஞ்சினை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் திரும்ப ஸ்ரார்ட் ஆகும் என்ற உறுதி இல்லை. ஏசி, ரேடியோ, போன் சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஓடுங்கள். பெற்றோல் பம்ப், இக்னிஷன், கம்பியூட்டர் மட்டுமே 10 முதல் 15 அம்பியர் இழுக்கும். 45 அம்பியர்-மணி உள்ள நல்ல பற்றரி பகலில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் தாங்கலாம். இரவில் ஹெட்லைற்றும் சேர்ந்தால் அதில் பாதிதான். கொடிகாமத்தில் எரிந்தால் யாழ்ப்பாணம் வந்து சேரலாம். வவுனியாவில் எரிந்தால் வவுனியாவிலேயே கராஜ் தேடுங்கள்.

மின்சார ஸ்ரியறிங் உள்ள காரானால் இன்னொரு கவனம். வோல்ற் இறங்க இறங்க ஸ்ரியறிங் சடுதியாகப் பாரமாகும். வேகத்தைக் குறைத்தே ஓடுங்கள்.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

டிஜிற்றல் மல்ரிமீற்றர் ஒன்று. இது இல்லாமல் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் பயன்படாது, மலிவானதே போதும். பிறகு 10, 12, 14 இலக்க ஸ்பானர்கள், கம்பிப் பிரஷ், மண்தாள், அப்பச்சோடா, சுடுதண்ணீர், வாஸ்லீன், ரோர்ச் லைற், கண்ணுக்குப் போடும் கண்ணாடி, கையுறை.

கழுத்துச் சங்கிலி, கைச்செயின், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பற்றரியின் பிளஸ் முனைக்கும் காரின் உடலுக்கும் இடையில் பொன் மோதிரம் அகப்பட்டால் நொடியில் பழுக்கச் சூடாகும். சிகரெற் வேண்டாம், சார்ஜ் ஆகும் பற்றரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வருகிறது. சாரத்தோடு பொனெற்றுக்குள் குனிபவர்கள் நம்மூரில் நிறையப் பேர். ஓடும் பெல்ற்றுக்குச் சாரம், சேலை, துவாய் என்ற வித்தியாசம் தெரியாது.

3. உங்கள் கார் எந்த வகை?

பிறியஸ், அக்குவா போன்ற ஹைபிறிட்டில் ஆல்ரனேற்றரே இல்லை. பெரிய பற்றரியின் வோல்ற்றைக் குறைத்துச் சின்ன 12 வோல்ற் பற்றரிக்கு அனுப்பும் கன்வேட்டர்தான் இருக்கிறது. அதில் நீங்கள் செய்யக்கூடியது 6ஆம் படியும், சின்னப் பற்றரியின் வோல்ற்றை அளப்பதும் மட்டும். செம்மஞ்சள் உறை போட்ட வயர் எதையும் தொடாதீர்கள். அதில் ஆளைக் கொல்லும் வோல்ற் இருக்கிறது.

சுசுகி வாகன் ஆர் ஹைபிறிட் போன்றவற்றில் பெல்ற் உண்டு. ஆனால் சார்ஜ் விட்டுவிட்டு வரும்படியே அதைச் செய்திருக்கிறார்கள். ஓடும்போது வோல்ற் ஏறி இறங்குவது அதில் பிழை இல்லை; லைற் எரிந்தால்தான் பிழை.

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். உண்மையான டைனமோ உள்ளது அது. நின்ற இடத்தில் மெதுவாகச் சுற்றும்போது சார்ஜ் லைற் மினுங்குவது அதற்கு இயல்பு. யாரும் மாற்றியிருக்காவிட்டால் அதில் பிளஸ்தான் ஏர்த். கறுப்பு முனையைக் காரின் உடலில் வைத்து அளக்கும்போது மீற்றர் மைனஸ் காட்டினால் பதறாதீர்கள்; ஆனால் மற்றக் காரிலிருந்து வயர் கொடுத்து ஸ்ரார்ட் பண்ணுமுன் கட்டாயம் யோசியுங்கள்.

இனி வருவதெல்லாம் சாதாரணப் பெற்றோல், டீசல் கார்களுக்கு.

4. லைற்றையே முதலில் படியுங்கள்

சாவியை இரண்டாம் நிலைக்குத் திருப்புங்கள், ஸ்ரார்ட் பண்ண வேண்டாம். பற்றரி லைற் எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்ப் போயிருக்கிறது அல்லது வயர் அறுந்திருக்கிறது. பழைய கார்களில் ஆல்ரனேற்றரைத் தூண்டிவிடும் முதல் மின் அந்தப் பல்ப் வழியாகத்தான் போகிறது. பல்ப் போனால் சார்ஜ் ஆகாமலே இருக்கலாம். லைற்றும் எரியாது, நீங்களும் அறிய மாட்டீர்கள்.

இப்போது ஸ்ரார்ட் பண்ணுங்கள். முழு வெளிச்சத்தில் எரிந்தால் சார்ஜ் அறவே இல்லை. மங்கலாக எரிந்தால் ஆல்ரனேற்றருக்குள் மின்னை ஒரு பக்கமாக மட்டும் விடும் டயோட் ஒன்று போயிருக்கலாம், அல்லது வயரில் எங்கோ வோல்ற் தொலைகிறது. அக்சிலறேற்றரை மிதித்ததும் அணைந்தால் பெல்ற் வழுக்குகிறது, அல்லது ஆல்ரனேற்றருக்குள் இருக்கும் கரித்துண்டான பிரஷ் தேய்ந்துவிட்டது. மாரியில் மட்டும் எரிந்தால் பெரும்பாலும் பெல்ற். சில டொயோட்டாக்களில் பற்றரி லைற்றோடு பிரேக் லைற்றும் சேர்ந்து எரியும். பிரேக் ஒயில் அளவு சரியாக இருந்தால் பிரேக்கைக் கழற்றாதீர்கள், ஆல்ரனேற்றர் பக்கம் வாருங்கள்.

கண்டதைக் கடதாசியில் எழுதி வையுங்கள். பிறகு கராஜுக்குப் போனால் “லைற் எரியுது” என்பதை விட இது நூறு மடங்கு உதவும்.

5. பெல்ற்

எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போடுங்கள். றேடியேற்றர் விசிறி சில கார்களில் தானாகவே சுற்றத் தொடங்கும், அந்தப் பக்கம் கை வைக்க வேண்டாம்.

பெல்ற்றின் உட்பக்கத்தை ரோர்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்பு, பிய்ந்த நூல், கண்ணாடி போன்ற பளபளப்பு, ஒயில் ஈரம், இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். சோளகம் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் சுன்னாகம் பக்கத்துச் செம்மண் தூசி பெல்ற் பள்ளங்களில் படிந்து மண்தாள் போலத் தேய்க்கும்.

கையால் இறுக்கும் வகையானால், இரண்டு கப்பிகளுக்கு நடுவில் பெருவிரலால் அழுத்துங்கள். ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் இறங்கினால் சரி. இறங்கவே இல்லையென்றாலும் பிழைதான்: அளவுக்கு மீறி இறுக்கிய பெல்ற் ஆல்ரனேற்றர் பெயறிங்கைத் தின்றுவிடும். கீச்சென்று சத்தம் வருகிறதென்று சவர்க்காரம் பூசுகிறார்கள், மெழுகு பூசுகிறார்கள். சத்தம் ஒரு கிழமைக்கு நிற்கும், வழுக்குவது நிற்காது.

6. முனைகளும் ஏர்த்தும்

மீற்றரை எடுக்குமுன் முனைகளைத் துப்புரவு செய்யுங்கள். அழுக்கு முனையில் எடுத்த அளவு எதையும் நம்ப முடியாது.

கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். காரணம் எளிது. காரின் உடல் முழுவதும் மைனஸ். மைனஸ் பூட்டியிருக்கும்போது பிளஸ் நட்டைக் கழற்றினால், ஸ்பானரின் மறுமுனை உடலில் பட்ட கணம் தீப்பொறி பறக்கும். மைனஸை எடுத்துவிட்டால் பட்டாலும் ஒன்றுமில்லை. கழற்றுமுன் ரேடியோவுக்கு இரகசிய எண் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை, பச்சைப் பூ பூத்திருந்தால் ஒரு கோப்பை சுடுதண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து ஊற்றுங்கள். நுரைத்து அடங்கியதும் நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். பற்றரி மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும்; சோடா உள்ளே போனால் அமிலத்தைக் கெடுக்கும். ஈயமுனை, வளையத்தின் உட்பக்கம் இரண்டையும் மினுங்கும் வரை தேய்த்துப் பூட்டுங்கள். கையால் திருகிப் பார்த்தால் வளையம் அசையக் கூடாது. வாஸ்லீன் பூசுவது பூட்டிய பிறகு, வெளிப்பக்கத்தில்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மைனஸ் வயரின் மறு முனை எங்கே போகிறது என்று தேடுங்கள். ஒன்று உடலிலும் ஒன்று கியர்பொக்ஸிலும் போல்ட் போட்டிருக்கும். அதையும் கழற்றி, உலோகம் தெரியும் வரை தேய்த்துப் பூட்டுங்கள். காரைநகர், குருநகர், பருத்தித்துறை என்று கடலோரம் நிற்கும் கார்களில் உப்புக் காற்று முதலில் பிடிப்பது இந்தப் போல்ட்டைத்தான்.

7. மூன்று அளவுகள்

மீற்றரை டிசி 20 வோல்ற்றில் வையுங்கள். சிவப்பு பிளஸில், கறுப்பு மைனஸில்.

முதல் அளவு, எஞ்சின் ஓடாமல். கார் சில மணித்தியாலம் நின்றிருக்க வேண்டும்; காலையில் எடுப்பதே நல்லது. 12.6 என்றால் நிறைந்த பற்றரி. 12.2 என்றால் பாதி. 11.8 என்றால் காலி. இப்போதுதான் ஓடி வந்தீர்கள் என்றால் ஹெட்லைற்றை இரண்டு நிமிடம் போட்டு நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து அளவுங்கள். இல்லாவிட்டால் மேலோட்டமான சார்ஜ் உங்களை ஏமாற்றும்.

இரண்டாம் அளவு, எஞ்சின் ஓடும்போது, எதுவும் போடாமல். 13.8க்கும் 14.5க்கும் இடையில் வர வேண்டும். முதல் அளவிலிருந்து ஏறவே இல்லையென்றால் சார்ஜ் இல்லை. 15ஐத் தாண்டினால், வோல்ற்றை அளவாக வைத்திருக்கும் றெகுலேற்றர் கட்டுப்பாட்டை விட்டுவிட்டது. அந்த நிலையில் கார் ஓட்ட வேண்டாம், பற்றரி கொதித்து அமிலம் வெளியே வரும்.

மூன்றாம் அளவு, ஹெட்லைற், ஏசி, கண்ணாடி வைப்பர் எல்லாம் போட்டு, எஞ்சினை நிமிடத்துக்கு 2000 சுற்றில் பிடித்து. 13.5க்கு அருகில் நிற்க வேண்டும். சும்மா நிற்கும்போது 14.2 காட்டி, பாரம் போட்டதும் 12.7க்கு விழுந்தால் ஆல்ரனேற்றர் பாதி உயிரில் இருக்கிறது, அல்லது பெல்ற் வழுக்குகிறது.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றரி வயரை இழுத்துப் பார்ப்பது. நின்றால் ஆல்ரனேற்றர் பழுது, ஓடினால் நல்லது என்பார்கள். அயலில் ஒரு தம்பி அப்படிச் செய்துவிட்டு வந்து நின்றான். “அண்ணை, வயரை இழுத்தன், கார் நிக்கேல்லை. ஆனா இப்ப மீற்றர் போர்ட் முழுக்க எரியுது.” ஆல்ரனேற்றர் தரும் மின்னின் ஏற்ற இறக்கத்தை விழுங்கிக்கொள்வது பற்றரி. அது சடுதியாகப் போனால் ஒரு கணத்தில் வோல்ற் பல மடங்கு எகிறும். அந்த ஒரு கணம் டயோட்டையும் கம்பியூட்டரையும் சுட்டுவிடப் போதும். மொறிஸ் மைனரில் பழகிய பரிசோதனை அது, இன்றைய காரில் செய்யக் கூடாது. தம்பியின் காரில் கடைசியில் கண்ட பிழை என்ன தெரியுமா? நன்றாகத் தேய்ந்த பெல்ற். அது போக, இழுத்துப் பார்த்ததற்கான தண்டம் தனியே.

8. வயரில் தொலையும் வோல்ற்

புதியவர்கள் தவறவிடும் படி இது. நான் வீணாகப் பற்றரி வாங்கியதும் இதைச் செய்யாததால்தான்.

அப்போது என்னிடம் பழைய லான்சர் ஒன்று இருந்தது. லைற் மங்கலாக, இரவில் மட்டும் தெரியும் அளவுக்கு எரிந்தது. ஒரு கடையில் மீற்றர் வைக்காமலே பற்றரி முடிந்தது என்றார்கள், மாற்றினேன். பிறகுதான் நானே அளந்தேன். பற்றரியில் 12.9. ஆல்ரனேற்றரின் பின்பக்கப் போல்ட்டில் 14.3. நடுவில் 1.4 வோல்ற் காணாமல் போயிருந்தது. கறுப்பு ரப்பர் மூடியை நீக்கினால் வயரின் முனை வளையம் வெளியே பளபளப்பாக இருந்தது. அதை வளைத்துப் பார்த்தேன். உறைக்குள்ளிருந்து பச்சைத் தூள் கொட்டியது. அரைவாசிச் செம்புக் கம்பிகள் உக்கிவிட்டன. காரைநகர்த் தாம்போதியால் கிழமைக்கு மூன்று தரம் போய் வந்த கார் அது. உக்கிய பகுதியை வெட்டி, புது வளையம் நசுக்கிப் போட்டதும் லைற் அணைந்தது.

அந்தப் பல்ப்பின் ஒரு பக்கம் பற்றரியின் வோல்ற், மறு பக்கம் ஆல்ரனேற்றரின் வோல்ற். இரண்டும் சமமாக இருந்தால் மின் ஓட இடமில்லை, பல்ப் அணையும். 1.4 வித்தியாசம் இருந்தால் அந்த அளவுக்கு மங்கலாக எரியும். மங்கல் லைற் கண்டால் இந்தப் படியைத் தவறவிடாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

செய்யும் முறை: எஞ்சின் 2000 சுற்றில், ஹெட்லைற் போட்டு. ஒருவர் உள்ளே இருந்து மிதிக்க வேண்டும். மீற்றரின் சிவப்பை ஆல்ரனேற்றரின் தடித்த வயர் பூட்டிய போல்ட்டிலும், கறுப்பைப் பற்றரியின் பிளஸ் ஈயமுனையிலும் வையுங்கள். வளையத்தில் அல்ல, ஈயமுனையில். 0.2 வோல்ற்றுக்குள் வந்தால் நல்லது, 0.5ஐத் தாண்டினால் அந்த வயரில் கட்டாயம் பிழை இருக்கிறது. அடுத்து ஏர்த் பக்கம்: ஒன்றை ஆல்ரனேற்றரின் வெறும் உடலில், மற்றதைப் பற்றரியின் மைனஸ் ஈயமுனையில். இதுவும் 0.2க்குள் வர வேண்டும். கூடினால் 6ஆம் படியில் சொன்ன ஏர்த் போல்ட்டுக்குத் திரும்புங்கள்.

ஆல்ரனேற்றரின் அந்தப் போல்ட்டில் எஞ்சின் நின்றாலும் பற்றரி மின் இருக்கும். ஸ்பானர் வைக்குமுன் பற்றரி மைனஸைக் கழற்றுங்கள்.

9. பியூஸும் மூன்று கால் பிளக்கும்

எஞ்சினை நிறுத்திவிட்டு அதே போல்ட்டுக்கும் உடலுக்கும் இடையில் அளவுங்கள். பற்றரியின் வோல்ற் வர வேண்டும். பூச்சியம் என்றால் 80, 100, 120 அம்பியர் என்று எழுதியிருக்கும் பெரிய பியூஸ் போய்விட்டது. மற்றக் காரிலிருந்து பிளஸ், மைனஸ் வயரை மாறிக் கொடுத்து ஸ்ரார்ட் பண்ணிய கார்களில் முதலில் போவது இதுதான். அதைப் பெரும்பாலும் போல்ட் போட்டுப் பூட்டியிருப்பார்கள். இழுத்தால் வராது, பெட்டியைத் திறந்து கழற்ற வேண்டும். அதே அம்பியரில் புதியது போடுங்கள். செம்புக் கம்பி சுற்றினால் அடுத்த தரம் பியூஸுக்குப் பதில் கார் எரியும்.

சின்னப் பியூஸ்களையும் விடாதீர்கள். பல டொயோட்டாக்களில் ஆல்ட்-எஸ் என்ற பெயரில் ஒன்று இருக்கிறது. றெகுலேற்றர் பற்றரியின் வோல்ற்றைப் பார்ப்பது அந்த வழியால். அது போனால் ஆல்ரனேற்றர் நன்றாக இருந்தும் லைற் எரியலாம்.

பிறகு ஆல்ரனேற்றரின் சின்னப் பிளக். மூன்று கால் உள்ள டொயோட்டா வகையில் எஸ் காலுக்கு எப்போதும் 12 வோல்ற், ஐஜி காலுக்குச் சாவி போட்டதும் 12 வோல்ற் வர வேண்டும். எல் கால் லைற்றுக்குப் போவது. பழைய கார்களில் சாவியை மட்டும் போட்டு இந்தப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். லைற் அணைந்தால் வயர் நல்லது. கழற்றிய பிறகும் எரிந்தால் எல் வயர் எங்கோ உராய்ந்து உடலில் முட்டுகிறது. அந்த நிலையில் 14.2 சார்ஜ் வந்துகொண்டே லைற் எரியும்.

10. ஆல்ரனேற்றர்

இதுவரை எல்லாம் சரி, சார்ஜ் மட்டும் இல்லை என்றால் குற்றவாளி இதுதான்.

எஞ்சின் ஓடும்போது, பெல்ற்றுக்கு எதிர்ப்பக்கமாக, ஸ்குறூ டிரைவரின் கைப்பிடியால் ஆல்ரனேற்றரின் முதுகில் மெதுவாகத் தட்டுங்கள். லைற் அணைந்து அணைந்து எரிந்தால் பிரஷ் தேய்ந்துவிட்டது. பிரஷ் என்பது இரண்டு கரித்துண்டுகள். சுற்றும் பகுதிக்கு மின் கொடுப்பவை. தட்டும்போது ஒரு கணம் முட்டுகின்றன. இதற்கு முழு ஆல்ரனேற்றரையும் மாற்றத் தேவையில்லை, பிரஷ் மட்டும் போடலாம்.

டயோட்டைப் பார்க்க மீற்றரை ஏசி அளவில் வைத்து, எஞ்சின் ஓடும்போது பற்றரி முனைகளில் வையுங்கள். 0.5 வோல்ற்றைத் தாண்டினால் டயோட் சந்தேகம். மலிவு மீற்றர் 28, 30 என்று காட்டினால் அது மீற்றரின் குறை. இந்தப் பரிசோதனையை விட்டுவிடுங்கள்.

பழைய ஆல்ரனேற்றர் வாங்கினால் மூன்றைப் பாருங்கள்: அம்பியர் அளவு, கப்பியின் பள்ள எண்ணிக்கை, பிளக்கின் வடிவம். 80 அம்பியர் இருந்த இடத்தில் 50 அம்பியர் பூட்டினால் பகலில் நன்றாக இருக்கும். இரவில் ஏசி போட்டதும் ஹெட்லைற் மங்கும். கடையிலேயே சுற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

11. பற்றரி கடைசியில்

ஸ்ரார்ட் பண்ணும் கணத்தில் வோல்ற் 9.6க்குக் கீழ் விழுந்தால், நிறைய சார்ஜ் இருந்தும் விழுந்தால், பற்றரி முடிந்தது. மூடி திறக்கும் வகையானால், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஐதரோமீற்றரால் ஆறு அறைகளையும் பாருங்கள். ஒரு அறை மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அந்த அறை செத்துவிட்டது.

கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வரும் நம்மூர்த் தண்ணீர் கேத்தலுக்குள் படிய வைக்கும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரின் உப்புகள் பற்றரியையும் கெடுக்கும். காய்ச்சி வடித்த தண்ணீர் போத்தலில் விற்கிறார்கள்.

புதியது வாங்கும்போது பழையதின் இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். 55பி24எல் என்றால் கடைசி எல் எழுத்து முனைகள் எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. ஆர் வாங்கி வந்தால் வயர் எட்டாது. எட்ட வைக்க இழுப்பவர்கள்தான் பிளஸ், மைனஸை மாற்றிப் பூட்டுகிறார்கள்.

12. பூட்டிய பிறகு

இறங்கிய பற்றரியோடு காரை ஓட்டி நிரப்ப வேண்டாம். புதிதாகத் திருத்திய ஆல்ரனேற்றர் மணிக்கணக்காக முழுப் பாரத்தில் ஓடிச் சூடேறும். பற்றரியை 4, 5 அம்பியர் சார்ஜரில் இரவு முழுக்கப் போட்டு நிரப்பிவிட்டுப் பூட்டுங்கள்.

7ஆம் படியின் மூன்று அளவுகளையும் திரும்ப எடுத்து, திகதியோடு ஒரு துண்டில் எழுதி டாஷ்போட் பெட்டிக்குள் வையுங்கள். மறுநாள் காலை, சாவி போடுமுன், முதல் அளவை மட்டும் இன்னொரு தரம் எடுங்கள். 12.6 இரவோடு இரவாக 12.2 ஆகியிருந்தால் சார்ஜில் பிழை இல்லை. எதோ ஒன்று நின்ற இடத்தில் மின்னைக் குடிக்கிறது. டிக்கிக்குள் அணையாத பல்ப்பும், பின்னாளில் பூட்டிய கமராவும்தான் நான் அடிக்கடி கண்டவை.